பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்: வயிற்றுக்கு லிப்போசக்‌ஷன் செய்துகொள்ளலாமா? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டைத்தறி | திங்கள், இரவு 10.12

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவள், இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

எனக்கு 38 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். சின்னவனுக்கே ஏழு வயதாகிறது. உயரம் 157 செ.மீ., எடை 61 கிலோ. கை, கால், முகம் எல்லாம் ஒல்லிதான். வயிறு மட்டும் உள்ளே இன்னும் பிள்ளை இருக்கிற மாதிரியே நிற்கிறது. போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது காலேஜ் பையன் ஒருவன் எழுந்து, "உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இல்லப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து, மடியில் பையை வைத்து மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாளே ஊரில் ஒரு அழகு சிகிச்சை மையத்துக்குப் போனேன். பேர் வேண்டாம். டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் புடவைக்கு மேலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மூன்று லிட்டர் கொழுப்பைக் குழலால் உறிஞ்சி எடுத்துவிடலாம், மறுநாளே வேலைக்குப் போகலாம், ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டினால் பதினைந்தாயிரம் தள்ளுபடியாம். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்று லிட்டர் எடுத்தால் எத்தனை கிலோ குறையும்? திரும்ப வருமா? உயிருக்கு ஒன்றும் ஆகாதே?

தட்டுவடை_செட் | திங்கள், இரவு 10.31

ஒரு லட்சம் எதற்கு? காலையில் அடிவாரத்தில் இறங்கி ஏற்காட்டுக்கு நடந்தே ஏறுங்கள். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. கடைசி வளைவில் தொப்பை இருக்காது. நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா | திங்கள், இரவு 11.05

தட்டுவடை தம்பி, சிரிக்காதீர்கள் என்று முதல் பத்தியிலேயே அந்தப் பொண்ணு எழுதியிருக்கிறாள். கண்ணில் படவில்லையா?

தறி, நான் செய்துகொண்டவள். மூன்று வருஷம் ஆகிறது, கோயம்புத்தூரில் செய்தேன். அப்போது எனக்கு 44. வயிற்றுக்கு இல்லை, இடுப்பின் இரண்டு பக்கமும் தொடையின் வெளிப்பக்கமும். நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் கிலோ கணக்கை மறந்துவிடு. எனக்கு எடுத்தது மொத்தம் இரண்டரை லிட்டர். முடிந்ததும் பாட்டிலைக் காட்டினார்கள். மேலே வெண்ணெய் உருகும்போது வருகிற மாதிரி மஞ்சள், அடியில் ரோஸ்மில்க் நிறத்தில் தண்ணீர். ஆக எடுத்தது முழுதும் கொழுப்பு இல்லை, அவர்களே உள்ளே ஏற்றிய தண்ணீரும் சேர்ந்து வருகிறது. கொழுப்பு மட்டும் பார்த்தால் ஒன்றேமுக்கால் லிட்டர். கொழுப்பு தண்ணீரைவிட லேசு, அதனால் எடைக்கு ஒன்றரைக் கிலோ சொச்சம். மறுவாரம் மெஷினில் ஏறி நின்றால் இரண்டு கிலோ கூடியிருந்தது! உடம்பு முழுக்க நீர் வீக்கம். அன்றைக்கு அழுதேன்.

மறுநாளே வேலை என்பதெல்லாம் பேச்சுக்கு. முதல் ராத்திரி தையல் போடாமல் விட்டிருந்த சின்னத் துளைகள் வழியாக இளஞ்சிவப்பாய் நீர் கசிந்துகொண்டே இருந்தது. ரத்தம் என்று பயந்துவிட்டேன். உள்ளே விட்ட தண்ணீர்தான் வெளியே வருகிறது, வரட்டும் என்றார்கள். மெத்தைமேல் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைப் போட்டுப் படுத்தேன். விடிவதற்குள் நாலு வேட்டி. தொடை முதலில் கத்திரிப்பூ நிறம், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். பத்து நாளைக்கு அப்படித்தான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் போட வேண்டிய இறுக்கு உடுப்பைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. முழங்காலிலிருந்து மார்புக்குக் கீழ் வரை, பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கி. மாட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஆறு வாரம், குளிக்கிற நேரம் தவிர ராத்திரி பகல் போட்டிருக்க வேண்டும். நான் சித்திரையில் செய்துகொண்டேன். அக்னி நட்சத்திரத்தில், சேலத்து வெயிலில், கரண்ட் போன மத்தியானம் அதற்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும். செய்வதாக இருந்தால் கார்த்திகை, மார்கழி பார்த்துச் செய்.

மூன்று மாசம் தோல் மரத்துக் கிடந்தது, நடுநடுவே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். நாலாம் மாசம்தான் உருவம் தெரிந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பழைய சுடிதார் எல்லாம் இறங்கியது. ஆனால் இடது தொடையில் ஒரு இடம் கட்டில் கயிறு அழுந்தின மாதிரி பள்ளமாய் நின்றுவிட்டது, இன்றைக்கும் இருக்கிறது. போன வருஷம் ஐந்து கிலோ போட்டேன். இடுப்புக்கு அவ்வளவாக வரவில்லை, மேல்கைக்கும் முதுகுக்கும் போய்விட்டது. இப்போது ரவிக்கைதான் பிடிக்கிறது. திரும்ப வருமா என்றால், எடுத்த இடத்துக்கு அதே அளவு வராது, வேறு இடத்துக்கு வரும்.

தியேட்டர்_சிஸ்டர் | செவ்வாய், காலை 6.20

ரவுண்டானா சொன்னது அத்தனையும் சரி. நான் 31 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்று ரிட்டையர் ஆனவள். அம்மாப்பேட்டைக்காரி என்பதால் உன் பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலில் உப்புத் தண்ணீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். ரத்தக்குழாய் சுருங்கிவிடும், அதனால் ரத்தப்போக்கு குறைவு. அந்த இடம் ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பி வெளுத்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு குழல் போகும். நுனி மொட்டை, பக்கத்தில் துளை. டாக்டர் ஒரு கையால் அதை முன்னும் பின்னும் தள்ளி இழுப்பார், தறியில் நாடா போய்வருகிற மாதிரி. மற்றக் கை தோலுக்கு மேலேயே இருக்கும், குழலின் நுனி எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே. அந்த இரண்டாவது கைதான் நல்ல டாக்டரையும் மற்றவரையும் பிரிக்கும். சீராகப் போகாவிட்டால் ரவுண்டானா சொன்ன பள்ளம் விழும்.

இப்போது உன் விஷயம். வயிற்றைத் தொப்பை ஆக்குவது ஒரே பொருள் இல்லை. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு ஒன்று, அதைக் கையால் பிடிக்கலாம். தசைக்கு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிற கொழுப்பு இன்னொன்று. நம் ஊர் ஆம்பளைகளுக்குக் கல் மாதிரி கெட்டியாக நிற்கும் தொப்பை அதுதான். அதை எந்தக் குழலும் தொடாது, தொடவும் கூடாது. மூன்றாவது தோல். பஞ்சை எடுத்த தலையணை உறை தொங்குகிற மாதிரி, தொய்ந்த தோலுக்கு அடியில் கொழுப்பை எடுத்தால் இன்னும் தொங்கும். நாலாவது, பிள்ளை பெற்றவர்களுக்கு: வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழே ஓடும் இரண்டு தசைப்பட்டைகளும் விலகிப்போய் மூடாமலே நின்றுவிடுவது.

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்றால் எனக்கு அந்த நாலாவதுதான் சந்தேகம். மல்லாந்து படு. முழங்காலை மடக்கு. இரண்டு விரலைத் தொப்புளுக்கு மேலே நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, தலையையும் தோளையும் மட்டும் மெல்லத் தூக்கு. விரல் உள்ளே இறங்குகிறதா, எத்தனை விரல் இறங்குகிறது, நடுவில் ஏதாவது எழும்புகிறதா என்று பார்த்து எழுது.

அட்வான்ஸ் கட்டாதே.

அம்மாப்பேட்டைத்தறி | செவ்வாய், மதியம் 2.47

சிஸ்டர், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாக இறங்குகிறது. தலையைத் தூக்கும்போது நடுவில் வாழைக்காய் வைத்த மாதிரி நீளமாக ஒன்று எழும்புகிறது. தலையை வைத்தால் போய்விடுகிறது. பயமாக இருக்கிறது. கிள்ளிப் பார்த்தால் தோல் மடிப்பு அவ்வளவு தடிமனாகவும் இல்லை.

தியேட்டர்_சிஸ்டர் | செவ்வாய், மாலை 4.02

பயப்படாதே, உயிர் போகிற விஷயம் இல்லை. ஆனால் கொழுப்பை எடுத்தால் அந்த வாழைக்காய் போகாது. மூன்று லிட்டர் எங்கிருந்து எடுப்பார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு சர்ஜனிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிடு. தொப்புள் பக்கம் சின்ன ஹெர்னியா, அதாவது தசையில் ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது பிதுங்குவது, இருந்து, அது தெரியாமல் குழலை விட்டால் குடலில் குத்திவிடும். அழகுக்குப் போய் வயிற்றைத் திறந்து தைத்த கேஸ் ஒன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இருபதாவது_வளைவு | செவ்வாய், இரவு 9.15

நான் மேலே ஏற்காட்டில் இருக்கிறேன். 29 வயது. எழுதக் கூச்சம்தான், ஆனாலும் அக்கா தைரியமாக எழுதிவிட்டார்கள்.

எனக்கு மார்பு. பதினான்கு வயதிலிருந்து. கிளியூர் அருவிக்குப் பசங்க எல்லாம் போவார்கள், நான் சட்டையைக் கழற்றாமலே நின்றுவிட்டு வருவேன். உடற்பயிற்சி, பட்டினி எல்லாம் பார்த்தாகிவிட்டது. டாக்டர் முதலில் ஹார்மோன் டெஸ்ட் எழுதினார், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளைக் கேட்டார். அப்புறம் அமுக்கிப் பார்த்து, காம்புக்கு அடியில் ரப்பர் மாதிரி இருப்பது சுரப்பி, அது குழலில் வராது, சுற்றி இருப்பதுதான் வரும் என்றார். கொழுப்பை உறிஞ்சிவிட்டு, காம்பின் கருவட்ட ஓரத்தில் சின்னதாகக் கீறிச் சுரப்பியைத் தனியாக எடுத்தார்கள். தழும்பு தேடினால்தான் தெரியும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். காலையில் ஆபரேஷன், சாயங்காலமே பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன். எட்டாவது வளைவு தாண்டும்போதே காதுக்குள் ங்கொய் என்று சத்தம், உதட்டைச் சுற்றி மரப்பு. வீட்டுக்கு வந்து படுத்து, தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது. பசியில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தியேட்டர்_சிஸ்டர் | செவ்வாய், இரவு 9.58

தம்பி, பசி இல்லை அது. மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறியதற்கான முதல் அடையாளம். தப்பித்தாய்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன மையங்களில் கோட்டை விடுவது இங்கேதான். பல் பிடுங்கப் போடுகிற அதே லிக்னோகெயின்தான். சாதாரணமாக அட்ரினலின் சேர்த்துப் போட்டாலும் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் உச்சம். இந்தச் சிகிச்சையில் நிறைய நீர்த்துப்போக வைத்துக் கொழுப்புக்குள் விடுவதால் மெதுவாக ஏறும், அதனால் 35 மில்லிகிராம் வரை போகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 2100 மில்லிகிராம். மெதுவாக ஏறும் என்பதன் மறுபக்கத்தைப் பார்: ரத்தத்தில் அது உச்சத்துக்கு வருவது பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி. அதாவது டேபிளில் இருக்கும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாய், ராத்திரி வீட்டில் தூங்கும்போதுதான் ஆபத்து. காதில் இரைச்சல், உதடு மரப்பு, நாக்குக் குழறல், அப்புறம் வலிப்பு, இதயம். இருபது வளைவுக்கு மேலே நடுராத்திரியில் வலிப்பு வந்தால் யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? மலைக்காரர்கள் அன்றைக்குக் கீழேயே தங்க வேண்டும், ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில், கூட ஒரு ஆளோடு.

அப்புறம் கால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காலைவரை காத்திருக்கக் கூடாது. அதனால்தான் அன்றைக்கே எழுப்பி நடக்க வைப்போம். கொழுப்பே ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பதும் உண்டு, அபூர்வம். ஒரே தடவையில் மொத்தம் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் பெரிய ஆபரேஷனாக நினைத்து ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும்.

தட்டுவடை_செட் | புதன், காலை 8.10

சரி, சிரிப்பை விடுகிறேன். மன்னிக்கவும் அக்கா. இப்போது நிஜமாகவே ஒரு கேள்வி, எனக்காக. எனக்கு 41 வயது, சுகர் எல்லைக்கோட்டில், தொப்பை சிஸ்டர் சொன்ன கல் ஜாதி. மாமனார் வீட்டில் இதைச் செய்துகொள், சுகரும் போய்விடும் என்கிறார்கள். போகுமா?

பழைய_பேப்பர் | புதன், காலை 11.34

போகாது. இதை 2004-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் குண்டான பெண்கள் 15 பேர், அதில் ஏழு பேருக்குச் சர்க்கரை நோய். வயிற்றில் தோலடிக் கொழுப்பாகச் சராசரியாக ஒன்பது, பத்து கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். சாதாரணமாக யாரும் எடுக்கிற அளவே இல்லை அது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதுவும் அசையவில்லை. சாப்பாட்டைக் குறைத்து அதில் பாதி இளைத்திருந்தாலும் எல்லாம் அசைந்திருக்கும். ஏனென்றால் பட்டினியில் உள்ளே இருக்கும் கொழுப்பும் ஈரலில் இருப்பதும் கரைகிறது, குழலில் வெளியே இருப்பது மட்டும் போகிறது.

நமக்கு இது இன்னும் பொருந்தும். இந்தியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே உள்கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே உஷார் என்று நமக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்கள். தட்டுவடை, டேப் எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். இங்கே எழுத வேண்டாம்.

கதை ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1920-களில் பாரிஸில் ஒரு சர்ஜன், நடனக்காரி ஒருத்தியின் காலை ஒல்லியாக்கச் சுரண்டும் கருவியைப் போட்டுக் கொழுப்பை வழித்தெடுத்தார். ரத்தக்குழாய் அறுந்து, அழுகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் ரொம்ப வருஷம் இந்தப் பக்கம் வரவே பயந்தார்கள். 1970-களில் இத்தாலியில் ஃபிஷர் என்ற அப்பாவும் மகனும் குழலால் உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள், பின்னாலேயே பாரிஸில் இல்லூஸ் என்ற டாக்டர் குழலின் நுனியை மொட்டையாக்கினார். சிஸ்டர் சொன்ன மரப்புத் தண்ணீர் முறை ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டருடையது. அவர் அதை எழுதி வெளியிட்டது 1987-ல். நுனியைக் கூர்மையாக்கியதால் வந்த முன்னேற்றம் இல்லை இது, மழுக்கியதால் வந்தது. எனக்கு அது எப்போதும் வேடிக்கையாகப் படும்.

ஸ்லிம்_சேலம் | புதன், மதியம் 1.20

ஆபரேஷனே வேண்டாம் சிஸ்டர்ஸ். குளிர வைத்துக் கொழுப்பைக் கரைக்கும் மெஷின், பத்து சிட்டிங், வலி இல்லை. அழைக்க: [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | புதன், மதியம் 1.41

விளம்பரத்துக்கு இடம் இல்லை. எண் நீக்கப்பட்டது. மறுபடி வந்தால் கணக்கும் போகும். உறைய வைக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது, அமெரிக்காவில் 2010-ல் இடுப்பு மடிப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் சின்ன மடிப்புக்குத்தான். அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடம் கரைவதற்குப் பதில் கெட்டியாகப் பருத்துவிடுவதும் உண்டு, அப்புறம் அதை எடுக்க லிப்போசக்‌ஷனுக்கே போக வேண்டும்.

கொண்டலாம்பட்டி_ரவுண்டானா | புதன், இரவு 10.22

வெள்ளிக்கிழமைத் தள்ளுபடிக்கு வருகிறேன். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கலாம். வயிற்றைக் கொடுக்க முடியுமா? யார் கையால் செய்யப்போகிறார்கள் என்று கேள். பேர் சொல்லட்டும். எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரியா, என்ன படிப்பு என்று பார். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் அந்தப் பேர் இருக்கிறதா பார். மயக்க டாக்டர் கூட இருப்பாரா என்றும் கேட்டுக்கொள். நான் கேட்டபோது ஒரு இடத்தில், "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் மேடம்" என்றார்கள். படியிறங்கி வந்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் அழகுக்குச் செய்வதற்குக் காசு தராது. ஹெர்னியா என்றால் பேச்சு வேறு. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடு, முதல் வாரம் கொக்கி மாட்டவாவது ஆள் வேண்டும்.

அம்மாப்பேட்டைத்தறி | 25 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்காதீர்கள், நடுவில் பெரியவளுக்குக் காய்ச்சல்.

அட்வான்ஸ் கட்டவில்லை. அந்தப் பெண் நாலு தடவை போன் செய்தாள், கடைசியில் தள்ளுபடி முப்பதாயிரம் வரை வந்தது. அதைக் கேட்டதும்தான் எனக்கே நிஜமாகச் சந்தேகம் வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பஸ்ல நடந்ததை ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்றார், அவ்வளவுதான். கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சர்ஜன் அம்மா என்னைப் படுக்க வைத்து, நிற்க வைத்து, இரும வைத்துப் பார்த்தார். ஸ்கேனில் தசை இடைவெளி நாலரை செ.மீ. தொப்புளில் ஒரு சின்ன ஹெர்னியா, சுண்டல் அளவு. தோலடிக் கொழுப்பு நடுத்தரம்தான், உறிஞ்சினாலும் பக்கவாட்டு வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியுமாம்.

இப்போதைக்கு மூன்று மாசம் பிசியோதெரபி. மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கிற பயிற்சி, பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கிறது, பத்து எண்ணுவதற்குள் வியர்க்கிறது. யூடியூபில் வருகிற வயிற்றுப் பயிற்சி எதையும் செய்யாதே, அதில் வாழைக்காய் இன்னும் புடைக்கும் என்றார். நாலரை செ.மீ. பயிற்சியில் முழுக்க மூடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஹெர்னியாவைத் தைக்கும்போதே தசையையும் சேர்த்துத் தைத்து, தொய்ந்த தோலையும் எடுக்கலாம். அது பெரிய ஆபரேஷன், அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு தழும்பு, ஒன்றரை மாசம் கனம் தூக்கக் கூடாது. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று முடிவாக இருந்தால்தான் செய்வேன் என்றார். யோசிக்கிறோம். சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது.

சிஸ்டர், ஒரு சந்தேகம். வயிற்றுக்குக் கட்டுகிற பெல்ட் பகல் முழுக்கப் போடலாமா? தறியில் உட்கார்ந்தால் மேலே சுருண்டுகொள்கிறது.

தியேட்டர்_சிஸ்டர் | ஞாயிறு, இரவு 7.15

நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார். பெல்ட்டை வேலை செய்யும்போது இரண்டு மூன்று மணி நேரம் போடு, நாள் முழுக்க வேண்டாம், தசை சோம்பேறி ஆகிவிடும். சுருண்டால் அளவு சரியில்லை என்று அர்த்தம். உட்கார்ந்த நிலையில் அளந்து வாங்கு, கடையில் நிற்க வைத்துத்தான் அளப்பார்கள். தொப்புளில் இருப்பது திடீரென்று கெட்டியாகி, வலித்து, வாந்தி வந்தால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே.

அம்மாப்பேட்டைத்தறி | ஞாயிறு, இரவு 8.40

சரி சிஸ்டர், மாற்றி வாங்குகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ்ஸில் மறுபடி ஒருத்தி எழுந்தாள். பிள்ளை இல்லம்மா, ஹெர்னியா என்றேன். அப்படின்னா கண்டிப்பா உக்காருங்க என்றாள். உட்கார்ந்துகொண்டேன்.

தட்டுவடை_செட் | ஞாயிறு, இரவு 8.52

எந்த பஸ் அக்கா அது? எனக்கு 104 செ.மீ. இருக்கிறது, ஒருத்தரும் எழுந்ததில்லை.